ஊற்றில் மிதந்த நுரை

உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் சீசா அது. உள்ளே ரோஸ் நிறத்தில் கைகழுவும் சோப்பு. மூடியைத் திறந்தால் மல்லிகை என்று சொல்லி விற்கிற, மல்லிகைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாசனை அடிக்கும். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைப்பையில் அது இல்லாமல் நான் எங்கேயும் கிளம்ப மாட்டேன். பஸ் கம்பியைத் தொட்டால் கழுவுவேன், ஹாஸ்டல் கதவைத் தொட்டால் கழுவுவேன். விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் நாற்றங்கால் சேற்றில் புரண்டு வளர்ந்த கழுதைக்கு அப்படி என்ன சுத்தம் என்று எங்கள் நைனா கேட்பார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இன்றைக்கு அந்தச் சீசாவைக் கடையில் பார்த்தாலும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுகிறேன்.

கம்பெனியில் என் பக்கத்து நாற்காலி அக்காவுடையது. எங்கள் அசெம்பிளி லைனில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவிலிருந்து வருவார். இருட்டு பிரியும் முன்னே படகு, கரையேறினால் கம்பெனி வேன், வேனை விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. ஏழு வருஷமாகக் காண்ட்ராக்டில் கிடந்தார். லைன் லீடர் இடம் காலியாகப் போகிறது, அதோடு வேலையும் நிரந்தரமாகிவிடும், அது அக்காவுக்குத்தான் என்று லைனே பேசிக்கொண்டது. ஆனால் அதே லைன்தான் அவர் வேனில் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். கருவாட்டு வாடை அடிக்கிறதாம். நானும் துப்பட்டாவால் மூக்கை மூடியிருக்கிறேன். அதை அவர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஷிப்ட் சாருக்கு ஊர் நாயுடுபேட்டை. தமிழையும் தெலுங்கையும் ஒரே வாயில் போட்டு மென்று பேசுவார். "ஏம்மா, வர்ற ஆதிவாரம் உங்க தீவுக்கு வர்றோம். நண்டு, இறால் அன்னீ ரெடி செய்யி" என்றார் ஒருநாள். கேட்கவில்லை, சொன்னார். லைன் லீடர் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அக்கா என்ன செய்வார்? "வாங்க சார்" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. இருந்தாலும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். தீவு என்றால் சினிமாவில் பார்த்ததுதானே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் போனோம். அக்காவின் நைனாதான் படகு தள்ளினார். ஏரியில் பாதித் தூரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான், மோட்டார் சேற்றில் மாட்டிக்கொள்ளும், கம்பு ஊன்றித் தள்ள வேண்டும். வழியில் பூநாரைகள் கூட்டமாக ஒற்றைக்காலில் நின்றன. அழகு என்றால் அப்படியொரு அழகு. எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. பறந்தால்தான் வீடியோ நன்றாக வரும் என்று ஒருத்தன் காலி பீர் பாட்டிலை அவற்றின் நடுவில் வீசினான். அத்தனையும் அலறிக்கொண்டு எழும்பின. இவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெரியவர் கம்பை ஊன்றினார். சீ, என்ன ஜென்மங்களோ என்று நினைத்தேன், ஆனால் போனை எடுத்து நானும் வீடியோ பிடித்துக்கொண்டேன்.

தீவில் மணல் வெள்ளையாகவெல்லாம் இல்லை. உப்புப் பூத்த கட்டாந்தரை, அதில் காலைக் கிழிக்கிற கிளிஞ்சல், எங்கே பார்த்தாலும் ஆள் உயரத்துக்கு முள். வடக்கே மணல்மேடும் நாலைந்து பனையும். நடந்து முடிப்பதற்குள் என் செருப்பு வார் அறுந்தது. இந்த முரட்டு மண்ணில் மனுஷர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று மலைப்பாக இருந்தது. அக்கா வீட்டில் சாப்பாடு போட்டார்கள். மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, ஓட்டோடு நசுக்கிப் போட்ட நண்டு. மசாலாப் பொடி எதுவுமில்லை, மிளகாயும் புளியும் உப்பும்தான். நான் வாழ்நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அக்கா ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, "இன்னும் கொஞ்சம் துன்னுங்க சார், நண்டு எடுத்துக்கோங்க சார்" என்று கெஞ்சாத குறையாகப் பரிமாறினார். இவர்களோ காலையிலிருந்து குடித்த வாயோடு நண்டைக் கடித்து ஓட்டை வாசலிலேயே துப்பினார்கள். ஒருத்தன் முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தான். அக்கா வாளியில் மண் கொண்டுவந்து அதை மூடினார்.

என் கையெல்லாம் குழம்பு. அக்கா ஒரு சின்னச் சொம்பில் பாதித் தண்ணீர் கொடுத்து, "இதுல கழுவிக்கோ பாப்பா" என்றார். பாதிச் சொம்புக்கு என் கை சுத்தமாகுமா? எழுந்து நடந்தேன். மணல்மேட்டுக்குப் பின்னால், பள்ளத்தில், முள் வேலிக்குள் தெளிந்த தண்ணீர் தெரிந்தது. ஒரு முழ ஆழம்கூட இருக்காது. கரையில் ஒரு கொட்டாங்குச்சி. ஆடு குடிக்கிற குட்டை என்று முடிவு கட்டினேன். முள்ளை ஒதுக்கி இறங்கி, சீசாவைத் திறந்து, முழங்கை வரை நுரை வரத் தேய்த்துக் கழுவினேன். வெயிலுக்கு ஜில்லென்று இருந்தது. நான் ஏறி வருவதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். என் சீசாவைத்தான் கேட்டு வாங்கினார்கள். கை கழுவினார்கள், கொப்பளித்துத் துப்பினார்கள், வாந்தி எடுத்தவன் கால் கழுவினான். சார் தான் குடித்த கிளாஸை அதிலேயே அலசினார்.

அந்தத் தீவுக்கு நல்ல தண்ணீர் அந்த ஊற்று ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரியாது. சுற்றிலும் உப்பு ஏரி. மணலில் கசிகிற மழைத்தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். குடம் நிறைய அரைமணி ஆகும். வீட்டுக்கு இத்தனை குடம், இந்த வீட்டுக்கு அப்புறம் அந்த வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதில் இறங்குகிறவர்கள் காலைக்கூட நனைக்க மாட்டார்கள். ஊற்றைக் கெடுத்த வீட்டுக்கு அடுத்த மழைக்காலம் வரை முறை கிடையாது. அது அந்த ஊர்க் கட்டு.

நாலு மணிக்குக் குடத்தோடு பெண்கள் வந்தார்கள். மேலே நுரையும் எண்ணெயும் நண்டு ஓடும் மிதந்தன. ஒரு அம்மா குடத்தை நங்கென்று வைத்து, "எந்தப் பாவி இதுல கை வெச்சது?" என்று கேட்டார். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். நாங்கள் பதினோரு பேரும் நின்றோம். சார் மட்டும் சிரித்தார். "நீள்ளே கதம்மா! தண்ணிக்குப் போய் இவ்ளோ பேச்சா? பத்து கேன் அனுப்பறேன், போதுமா?"

அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் நின்றார். சீசா என் கையில் இருந்தது. நான் அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு குனிந்தேன். சொன்னால் என்ன, என்னை அடித்துவிடப் போகிறார்களா? வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் பாத்துக்காம வுட்டுட்டேன்" என்றார் அக்கா. "கூட்டியாந்தது நானு. தப்பு எங்கூட்டு மேல." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அந்த எச்சில் தண்ணீரை, நாங்கள் துப்பியதை, கொட்டாங்குச்சியால் வாரி வாரி வெளியே ஊற்றினார். நாங்கள் படகேறும்போதும் இறைத்துக்கொண்டுதான் இருந்தார். என் கையோ படகு முழுக்க மல்லிகை மணத்தது.

சாரின் கேன் ஒன்றுகூடப் போகவில்லை. அக்கா வீட்டுக்கு முறை போயிற்று. கரைக்கு வந்து தண்ணீர் பிடித்துப் படகில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. விடியலில் ஒரு நடை அதற்கே சரியாக இருந்தது. வேன் தவறியது, ஒருநாள், மூன்றுநாள், ஐந்துநாள். "டிசிப்ளின் லேது" என்று எழுதி அவரை நிறுத்திய தாளில் கையெழுத்துப் போட்டவர், நண்டை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்ற அதே சார். த்தூ. லைன் லீடர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சம்பளத்தில்தான் படித்தேன், கல்யாணம் ஆயிற்று, திருப்பதிக்கு வந்தேன். போன மாதம் இங்கே பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் சூளூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மலையில் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தலைமுடி இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். "இன்னா பாப்பா, நல்லாகீறியா?" அதே குரல். நைனா போய்விட்டாராம், இப்போது தீவுக்குக் குழாய் போட்டிருக்கிறார்களாம், ஒருநாள் வருமாம், ஒருநாள் வராதாம். அத்தனை கூட்டத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: "அக்கா, அன்னிக்கு அந்த ஊத்துல மொதல்ல எறங்கினது நான்தான்."

"தெரியும்" என்றார். "நொரை உன் முழங்கைல காஞ்சிருந்துச்சே."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னால உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு நின்னேன். எங்க ஊரு ஆளுங்க முன்னால 'அறியாத செஞ்சிட்டேன்'னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெளியூருப் பொண்ணுன்னு வுட்டிருப்பாங்க. எங்கூட்டு முறை போயிருக்காது. இப்பச் சொல்லி நான் இன்னா பண்றது, சொல்லு?"

பஸ் வந்தது. ஜன்னலோர இடத்துக்குத் துண்டைப் போட்டுவிட்டு ஏறினார். வண்டி கிளம்புகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.