செவ்வாய்க்கிழமையின் இலவச டிக்கெட்

அந்தக் கார்டு வாங்கத் தகுந்ததா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். காரணம் கேட்டால்தான் 1996, 1997 டைரிகள் இரண்டையும் பரணிலிருந்து இறக்க வேண்டும்.

1996 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு என் மனைவியின் தம்பி, டை கட்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மைத்துனனுக்கு வீடு அசோக் நகரில், பேஜர் இடுப்பில். எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் வாங்கிவிட்டு, இன்னும் நாலு பேர் தலையில் அதைக் கட்டினால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். டைக்காரர் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு விற்பவர். பையிலிருந்து தங்க நிறத்தில் ஒன்றும் நீல நிறத்தில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். என் சம்பளத்தைக் கேட்டதும் தங்கத்தைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டார்.

"சார், நீங்க பாட்டுக்குச் செலவு பண்ணிக்கிட்டே இருங்க. பாயிண்ட்ஸ் தானா ஏறும். ஒரு நாள் பாத்தா டெல்லிக்கு ஃப்ரீ டிக்கெட்!"

டெல்லி என்ற சொல்லைக் கேட்டு என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

அவளுடைய அக்கா டெல்லியில் இருந்தாள். இருவரும் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அடுத்த செப்டம்பரில் அக்காவின் கணவருக்கு, அதாவது என் சகலைக்கு, அறுபதாம் கல்யாணம். என் மனைவிக்கோ முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. இரண்டு ராத்திரி ரயிலில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்துக்கு என் சம்பளம் போதாது. அவள் போவாளா மாட்டாளா என்பது ஒன்றுதான் அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டுக் கவலை.

டைக்காரர் வைத்துவிட்டுப் போன நிபந்தனைப் புத்தகத்தை இரண்டு நாள் படித்தேன். எத்தனையோ உரைநடை படித்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் கொடுத்ததை அடுத்த வாக்கியத்தில் இப்படிப் பிடுங்கிக்கொள்ளும் நடையை வேறெங்கும் கண்டதில்லை. பிறகு கணக்குப் போட்டேன். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. எங்கள் குடும்பச் செலவில் டெல்லி டிக்கெட் சேர பதினோரு வருடம் ஆகும். அதுவும் பால்காரர், மளிகைக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் கார்டில் காசு வாங்கினால். ஒருவரும் வாங்குவதில்லை.

மைத்துனன் சிரித்தான். "நீங்க ஏன் அத்திம்பேர் உங்க செலவை எண்றேள்? தையில என் பொண்ணு கல்யாணம். துணிமணி பூரா உங்க கார்டுல போடுவோம். நான் கையில ரொக்கமாக் குடுத்துடறேன். காசு என்னுது, பாயிண்ட் உங்களுது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் நான் ஏமாந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரியில் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. கல்லாவில் இருந்தவர் என் கார்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"கார்டா சார்? ரெண்டு பர்சென்ட் மேல ஆவும்."

"எதுக்கு?"

"இன்னா சார், பேங்க்காரன் எங்க கையில புடுங்குறான், நாங்க உங்க கையில."

பிறகு, திருட்டுக் கார்டுகளின் எண்கள் அச்சடித்த ஒரு புத்தகத்தை எடுத்து, அதில் என் எண்ணைப் பக்கம் பக்கமாகத் தேடினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் கைப்பையை அணைத்துக்கொண்டார்கள். கடைசியில் நான் திருடனில்லை என்று முடிவானதும், இஸ்திரி போடுவது போல் ஒரு கருவியை இழுத்து, கார்பன் தாளில் அச்சு எடுத்தார். அந்த இரண்டு பர்சென்ட்டை யார் கொடுப்பது என்று மைத்துனனைப் பார்த்தேன்.

"பாயிண்ட் உங்களுக்குத்தானே வரது அத்திம்பேர்? நீங்களே பாத்துக்கோங்கோ."

கார்டின் வரம்பு கூறைப்புடவைக்கே முட்டிவிட்டது. பணத்தைக் கட்டிக் கட்டி மூன்று முறை போனோம். மூன்று முறையும் அவர் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று முறையும் மைத்துனன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மற்ற உறவினர்களின் சாமான்களையும் சேர்த்து ஜூலையில் புள்ளிகள் நிறைந்தன. வங்கிக்குப் போன் செய்தேன். செப்டம்பரில் இலவச இடம் செவ்வாய், புதன் இரண்டு நாள் மட்டும்தான் என்றார்கள். அறுபதாம் கல்யாணம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்குப் பதிவு செய்துவிட்டு, அன்று முழுவதும் திருப்தியாக இருந்தேன்.

அதைக் கேட்டதும் பேஜர் கட்டிய மைத்துனன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "செவ்வாக்கெழமையா? வடக்கே சூலம்! அக்கா வடக்கே போப்படாது."

"புதன்?"

"புதனும் வடக்கேதான் சூலம்."

இலவச டிக்கெட் கிடைக்கும் இரண்டு நாளும் டெல்லிப் பக்கம் புறப்படக் கூடாத நாட்கள். என் மனைவி அமைதியாகச் சொன்னாள்: "அதுக்குப் பால் சாப்டுட்டுக் கெளம்பினா தோஷமில்லேன்னு பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கேடா."

"பாலெல்லாம் பக்கத்து ஊருக்குப் போறவாளுக்கு. இது ஆகாயம். பிரஸ்தானம் வெச்சுடலாம்."

பிரஸ்தானம் என்றால், நல்ல நாளில் பெட்டியை மட்டும் முன்னால் புறப்படச் செய்து, போகிற திசையில் ஒரு வீட்டில் வைத்துவிடுவது. யாத்திரை அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நாளிலும் போகலாம். எங்கள் தெருவின் வடகோடியில் அவனுக்குத் தெரிந்த ஒரு வயதான தம்பதியின் வீடு. திங்கட்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் நிறுத்தி, டிக்கெட்டையும் பெட்டியில் வைக்கச் சொன்னான்.

"அது எதுக்குடா?"

"டிக்கெட்தானே அத்திம்பேர் யாத்திரை? வெறும் பொடவை போனா அது சலவைக்குப் போற மாதிரி."

அறிவுள்ளவன் மறுத்திருப்பான். நான் டிக்கெட்டைப் பெட்டியின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு விமானம். எட்டு மணிக்கு நானும் மைத்துனனும் போனால் அந்த வீட்டில் பூட்டு. வேலை செய்யும் அம்மாள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வடபயனி கோயிலுக்குப் போயிருக்காங்கோ. செவ்வாக்கெயமன்னா போவாங்க, தெரியாதா?"

"சாவி?"

"சாவிய என்கையில குடுத்துட்டா போவாங்க? இன்னா நைனா பேசுற நீ!"

"பூட்ட ஒடச்சா என்ன?" என்றான் மைத்துனன்.

"ஒட பாக்கலாம். ஒரு சவுண்டு உட்டன்னா தெருவே கூடும்."

வைக்க நல்ல நேரம் பார்த்தவன் எடுக்கும் நேரத்தை அவர்களிடம் சொல்லவே இல்லை. அந்தக் காலத்தில் டிக்கெட் என்றால் அந்தக் காகிதம்தான். அது கையில் இல்லாதவரை விமான நிலையத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பதினொன்று பத்துக்கு அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கி, எங்கள் எல்லோருக்கும் விபூதி கொடுத்தார்கள். தவறவிட்ட இலவச டிக்கெட் செல்லாது, புள்ளிகளும் திரும்பக் கிடைக்காது என்பது நிபந்தனைப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன்.

வீட்டில் என் மனைவி விமானத்துக்கென்று கட்டிக்கொண்ட புடவையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"வெள்ளிக்கெழமை நான் அங்க இருப்பேனா, மாட்டேனா? அத மட்டும் சொல்லுங்கோ."

மயிலாப்பூரில் ஒரு டிராவல் ஏஜென்சிக்குப் போனேன். மறுநாள் டிக்கெட்டுக்கு முழு விலை. கார்டின் வரம்பில் போவதற்கு மட்டும் இடமிருந்தது, வருவதற்கு இல்லை. அதே நீலக் கார்டை நீட்டினேன். மாதாமாதம் கட்டப்போகும் வட்டியை வாசலில் இறங்கும்போதே மனதில் போட்டுப் பார்த்துவிட்டேன். புதன்கிழமை காலை அவள் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். தம்பிக்குச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவன் ஒரு சீட்டோடு வந்தான். வியாழக்கிழமை வடக்கே போகலாம் என்று நேரம் குறித்திருந்தான். அவன் உட்காரும்போதே போன் அடித்தது. ரிசீவரை அவனிடமே கொடுத்தேன். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"எங்கேர்ந்து பேசறே?"

"அக்காவாத்துலேர்ந்துதான்."

"இன்னிக்குப் புதனாச்சே! சூலம்!"

"பால் சாப்டேன். நீ சீட்டு எழுதினது போதும், ஆத்துக்குப் போ."

அறுபதாம் கல்யாணத்தில் அவள் இருந்தாள். திரும்பி வந்தது ரயிலில். மூன்று வாரம் தரையில் பாய் விரித்துப் படுத்தே கிடந்தாள். அந்த மூன்று வாரத்துக்குள் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. முழு விலை டிக்கெட்டுக்குப் புள்ளிகள் ஏறியிருக்கின்றனவாம், அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகளாம். கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை நாலாக வெட்டினேன். கடன் வெட்டுப்படவில்லை; அது 1998 மே வரை இருந்தது.

பாயிலிருந்து அவள் கேட்டாள்: "வெட்டிட்டேளா?"

"ஆச்சு."

"டெல்லி அத்திம்பேருக்கு எழுபது வந்தா பீமரத சாந்தி பண்ணுவாளே."

"அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு."

"இருக்கட்டும். அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அலம்பி வையுங்கோ. மாசம் அம்பது ரூபா அதுல போட்டுண்டு வரலாம். அதுக்குப் புஸ்தகம் படிக்க வேண்டாம்."