லாக்கில் வந்த நாற்பது பேர்

சென்னையில ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில எனக்கு சப்போர்ட் வேலை. வெப்சைட் வெச்சிருக்கிறவங்க போன் பண்ணி, "மேடம், நேத்து மட்டும் எங்க சைட்டுக்கு இருநூறு பேரு வந்துட்டாங்க"ன்னு குதிப்பாங்க. நான் லாக்கைத் திறந்து பாத்துட்டு, "சார், அது ஆளுங்க இல்ல, மிஷினு"ன்னு சொல்லுவேன். சைட் இருக்கிற சர்வருக்கு யாரு வந்தாலும் லாக்குன்ற பதிவேட்டுல ஒரு வரி விழும். எங்கருந்து வந்தாங்க, எத்தினி மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டாங்க, தன்னை யாருன்னு சொல்லிக்கினாங்க, எல்லாம் அதுல இருக்கும். தேடுபொறிக்காரங்க அனுப்புற மிஷினுக்கு க்ராலர்னு பேரு. அது வந்து ஒரு பக்கத்தைப் படிச்சு எடுத்துக்கினு போனாத்தான், நாளைக்கு ஒருத்தர் தேடும்போது அந்தப் பக்கம் கண்ணுல படும். இதை நாளைக்குப் பத்து தடவை சொல்ற வாய் இது. இதே வாய்தான் எங்க அண்ணிகிட்ட "நாப்பது பேரு பாத்திருக்காங்க"ன்னு சொல்லுச்சு.

எங்களுது பழவேற்காட்டுக்கு வடக்கால, ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற குப்பம். நண்டு வலை எடுக்கத் தனியா சின்ன போட்டுல போன எங்க அண்ணன் திரும்பல. நாலாம் நாள் போட்டு மட்டும் ஆந்திரா பக்கம் கரை ஒதுங்குச்சு. எஞ்சின் இருந்துச்சு, வலை இருந்துச்சு, ஆளு இல்ல. நைனா நெல்லூர் வரைக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி எறங்கிட்டு வந்து படுத்துட்டாரு. வாட்சப்புல ரெண்டு வாரம் அண்ணன் போட்டோ சுத்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

அப்பதான் நான் ஒரு பக்கம் போட்டேன், தமிழ்லயும் தெலுங்குலயும். போட்டோ, உயரம், இடது சுண்டு விரல்ல பாதி இல்ல, வலது கையில பச்சை குத்தின நங்கூரம், அது மேல மூணு நட்சத்திரம், கடைசியில என் போன் நம்பர். எங்கயோ ஒருத்தர், பேர் தெரியாத ஆளு ஒருத்தனைப் பாத்து, இதையெல்லாம் தட்டித் தேடினா எங்க பக்கம் வரணும். எனக்கு வேண்டியது அவ்ளோதான்.

அண்ணி தெனம் காலையில மீன் ஏலம் முடிஞ்சதும் கூடையை எறக்கி வெச்சுட்டு போன் பண்ணும். "பாப்பா, இன்னிக்கு எத்தினி பேரு?" கன்ட்ரோல் பேனல்ல ஒரு நம்பர் காட்டும். முப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு. அதை அப்படியே சொல்லுவேன். லாக்கைத் திறக்கல. திறக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. ஊரான் சைட்டுக்கெல்லாம் திறக்கிறவளுக்கு அண்ணன் சைட்டுக்குக் கை வரல. பயம். வேற இன்னா?

மூணாவது மாசம் முடியும்போது, கருமாதிக்கு நாள் குறிக்கலாம்னு பஞ்சாயத்துல பேச்சு வந்துச்சு. ஆம்பளைங்க உக்காந்திருந்த எடத்துக்கு நேரா போய் நடுவுல நின்னுச்சு அண்ணி. "தெனம் நாப்பது பேரு அவரைப் பாத்துக்கினு இருக்காங்க. அதுல ஒருத்தர் பேச மாட்டாங்களா? அதுக்குள்ள இன்னா அவசரம் உங்களுக்கு?"ன்னு கத்துச்சு. நைனா தலையைத் தூக்கவே இல்ல. தலைவர் என் பக்கம் திரும்பி, "அப்பிடியாம்மா?"ன்னாரு.

"ஆமா"ன்னேன். நாளைத் தள்ளி வெச்சாங்க.

அந்த "ஆமா" நெசமான்னு பாக்காம இருக்க முடியல. அடுத்த வாரம் ஆபீஸ்ல மதிய சாப்பாட்டை அப்படியே மூடி வெச்சுட்டு லாக்கைத் திறந்தேன்.

பாதிக்கு மேல, உள்ள நுழைய வழி தேடுற திருட்டு மிஷினுங்க. என் சைட்டுல இல்லவே இல்லாத லாகின் பக்கத்தைக் கேட்டுப் பாத்துட்டுப் போயிருந்துச்சுங்க. சிலது தேடுபொறி பேரைச் சொல்லிக்கினு வந்திருந்துச்சு. பேரை எவன் வேணா சொல்லலாம். அதனால எங்கருந்து வந்துச்சுன்னு காட்டுற ஐபி நம்பரை வெச்சு விசாரிச்சு, போலியெல்லாம் கழிச்சேன். நெசமான க்ராலர் தெனம் ஒரு தடவை வந்திருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அது எதைக் கேட்டுச்சுன்னு பாத்தேன். தெனமும் ரோபோட்ஸ் ஃபைல் ஒண்ணுதான். அண்ணன் பக்கத்தைக் கேட்ட வரி ஒண்ணுகூட இல்ல.

அந்த ஃபைல் வாசல்ல மாட்டி வெக்கிற போர்டு. க்ராலர் மொதல்ல அதைத்தான் படிக்கும். உள்ள வராதேன்னு எழுதியிருந்தா மரியாதையா திரும்பிடும். ஆபீஸ்ல டெஸ்ட் சர்வர்ல எதைப் பண்ணினாலும் மொதல்ல அப்படி ஒரு வரி போட்டுடுவோம், பாதியில இருக்கிறது வெளிய தெரியக்கூடாதுன்னு. அண்ணன் பக்கத்தையும் அங்கதான் பண்ணினேன், அழுதுக்கினே. முடிச்சதும் எல்லா ஃபைலையும் அப்படியே தூக்கி, ஊர் பாக்கிற சைட்டுல போட்டேன். அந்த வரியும் கூடவே வந்துடுச்சு. ரெண்டரை மாசமா க்ராலர் தெனம் வந்திருக்கு, நான் எழுதினதைப் படிச்சிருக்கு, திரும்பிப் போயிருக்கு. பாவி, ஒரே ஒரு வரி!

ஆளுங்கன்னு பாத்தா, என் போனைக் கழிச்சா ஒரே ஒரு போனு. ஏலம் முடியுற நேரத்துக்கு, தெனம் எட்டு தடவை, பத்து தடவை. அண்ணி போனு அது.

வரியை அழிச்சேன். மறுநாளே க்ராலர் வந்து அண்ணன் பக்கத்தைக் கேட்டு, போட்டோவோட எடுத்துக்கினு போச்சு. ஒரு வாரத்துல, நான் தேடிப் பாத்தா மொதல்ல எங்க பக்கமே வந்துச்சு.

பத்தாம் நாள் ஒரு போன். நைனா போன ஊரையெல்லாம் தாண்டி, ஆந்திராவுல ஒரு ஆஸ்பத்திரி நர்ஸம்மா. தெலுங்கும் தமிழுமா கலந்து பேசினாங்க. "அதே விரலு, அதே பச்சைம்மா. தலையில அடி, பேச்சு வரல. ரெண்டு மாசத்துக்கு மேல எங்க வார்டுலதான் இருந்தாரு. போன மாசம் போயிட்டாரு. யாரும் வரலன்னு அடக்கமும் பண்ணிட்டாங்க." அப்புறம், "அவர் இருக்கும்போதே எத்தனை தடவை தேடினேன் தெரியுமா? நங்கூரம், நட்சத்திரம், சுண்டு விரல்னு தட்டித் தட்டிப் பாத்தேன். ஒண்ணுமே வரல. நேத்து மனசு கேக்காம தட்டினேன், மொதல்லயே நிக்குது"ன்னாங்க.

"சரிங்கம்மா"ன்னேன்.

எங்க கிட்ட வந்திருந்தாலும் பொழைச்சிருப்பாரான்னு தெரியாது. ஆனா அண்ணி மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிருப்பாரு. அந்த வார்டுல சொந்த சனம் யாரும் இல்லாம, யார் வருவாங்கன்னு கதவைப் பாத்துக்கினு கெடந்திருப்பாரு. அதுக்குக் கடலைச் சொல்லிக் குத்தமில்ல. நான்தான்.

கருமாதி அன்னிக்கு நர்ஸம்மா அனுப்பின போட்டோவை அண்ணி கையில வெச்சுக்கினு இருந்துச்சு. கட்டில்ல தாடியோட அண்ணன், கண்ணு தெறந்திருந்துச்சு. எல்லாம் முடிஞ்சு சனம் கலைஞ்சப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சு தன் கண்ணுல ஒத்திக்கிச்சு.

"நீ மட்டும் அதைப் போடலன்னா, அவர் எங்க போனாருன்னுகூட தெரிஞ்சிருக்காது பாப்பா. நாப்பது பேருல ஒரு புண்ணியவதி பேசிட்டா, பாத்தியா?"

"ஆமா அண்ணி"ன்னேன்.