வெள்ளைத் தூண் வீட்டு வாசலில் என் அக்கா

என் அக்கா வெர்னாவுக்குப் பொறாமை வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். அழுக்குப் பாத்திரம் இல்லையென்றால் அலமாரியில் இருக்கும் சுத்தமான பாத்திரத்தை எடுத்துப் போட்டுத் தேய்ப்பாள். அவள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜெனெட் லாஃப்டினின் வீடு. அதனால் மிசிசிப்பி மாநிலத்திலேயே பளபளப்பான பாத்திரங்கள் எங்கள் ஹார்லன் க்ரீக்கில், என் அக்கா வீட்டில்தான் இருந்தன.

கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடச் சமையலறை அவள் பொறுப்பு. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, கேட்காமலே இரண்டாவது தட்டை நீட்டுவாள். சர்ச்சில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதல் ஆளாகக் கோழியும் சோறும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். ஊரில் யார் நன்றாக இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம். ஜெனெட் ஒருத்தி நன்றாக இருந்தால் மட்டும் தாங்காது.

இரண்டு பேரும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஒரே வருஷம்தான் மாநிலக் கல்லூரிக்கும் போனார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் சொராரிட்டி என்று பெண்கள் சங்கங்கள் உண்டு. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பெரிய வீடு. சேர ஆசைப்படும் பெண்கள் ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கும் முன்பே போய், ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சிரித்துப் பேச வேண்டும். பிடித்திருந்தால் மறுநாளும் கூப்பிடுவார்கள். பிடிக்கவில்லையென்றால் கூப்பிட மாட்டார்கள். காரணமும் சொல்ல மாட்டார்கள். ஜெனெட் போனாள். இருப்பதிலேயே பெரியதான வெள்ளைத் தூண் வீடு அவளை எடுத்துக்கொண்டது. வெர்னா போகவில்லை. எனக்கு அந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது என்று அன்றைக்குச் சொன்னவள் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள். பிடிக்காமல் ஒன்றுமில்லை. கூப்பிடாமல் விட்டுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பயம்.

ஜெனெட்டின் வீட்டைப் பார்த்தோ, டாக்டர் புருஷனைப் பார்த்தோ என் அக்காவுக்கு வயிறு எரியவில்லை. ஜூன் மாதம் வரும் கார்களைப் பார்த்துத்தான். வருஷா வருஷம் அந்தச் சங்கத்துத் தோழிகள் நாலா பக்கத்திலிருந்தும் ஜெனெட் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். கார் கதவு திறப்பதற்குள் ஒரு கூச்சல். அப்புறம் கட்டிப்பிடித்தல். சிரிப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டி எங்கள் தேநீர்க் கோப்பைக்குள் விழும்.

"நாப்பது வயசு தாண்டின பொம்பளைங்க கத்துற கத்தலப் பாரு," என்பாள் வெர்னா, திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு. "எனக்கு அப்படி யாருடி இருக்கா?"

"ஏன், நான் இல்லையா?"

"நீ தங்கச்சி. உனக்கு வேற வழியில்ல."

எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அவள் சொன்னது உண்மைதானே.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அந்த வருஷம் வெர்னாவின் ஒரே மகள் மார்லாவுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜெனெட்டின் மகள் கெண்ட்ராவும் அங்கேதான் போகிறாள். சங்கங்கள் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த வாரத்துக்குக் கெண்ட்ரா போவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் மார்லா டிராம்போன் என்ற நீளமான பித்தளை ஊதுகுழல் வாசிக்கிற பெண். கல்லூரி பேண்டில் அவளுக்கு இடம் உறுதியாகிவிட்டது. பேண்டுக்காரர்களின் பயிற்சி முகாமும் அந்த ஆகஸ்ட் வாரமேதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும்.

"ஊதுறத எப்ப வேணா ஊதிக்கலாம்," என்றாள் வெர்னா.

"முகாமுக்கு வராதவங்களுக்கு பேண்டுல இடமில்லம்மா. சொல்லிட்டாங்க."

"ஒரு வாரம் சிரிச்சுப் பேசினா வாழ்நாள் முழுக்கத் தோழிங்க கிடைப்பாங்க."

"அவ்வளவு ஆசையா இருந்தா நீ அப்பவே போயிருக்கலாம்ல?"

வெர்னா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். வாணலி ஒன்று என்ன பாடுபட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் மனசு மாறினாலும் மாறும், எதற்கும் வேலையை முடித்து வைப்போம் என்று அவளே ஒரு கணக்குப் போட்டாள். அந்த வீடுகளுக்குள் நுழைய வேண்டுமானால் அதே சங்கத்தில் இருந்த ஊர்க்காரி ஒருத்தி, இந்தப் பெண் நல்ல பெண் என்று முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். யாரும் எழுதி அனுப்பாத பெண்ணை முதல் நாளே கழித்துவிடுவார்கள். வெள்ளைத் தூண் வீட்டில் இருந்தவள் எங்கள் ஊரில் ஒரே ஒருத்தி. யாரென்று சொல்லத் தேவையில்லை.

சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றிய கேக் ஒன்றைச் செய்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, வெர்னா ரோட்டைக் கடந்தாள். ஆளைக் கொல்லப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

"வெர்னா! வா வா. ஃபே, நீயும் வந்தியா? ஐயோ, இந்தக் கேக்க நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்," என்றாள் ஜெனெட். அவள் அப்படித்தான். வாய் நிறையப் பேசுவாள், மனசிலும் கெடுதல் ஒன்றும் இருக்காது. அதுதான் என் அக்காவுக்குப் பெரிய கஷ்டம்.

வெர்னா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மார்லாவுக்காக நீ ஒரு வார்த்தை எழுதினா…" என்று தொடங்கினாள்.

"அதக் கேக்கவா வந்தே? மே மாசமே எழுதிப் போட்டுட்டேனே! நம்ம மார்லாவுக்கு எழுதாம வேற யாருக்கு எழுதுவேன்?"

திரும்பி வரும்போது என் அக்காவின் கழுத்து வரை சிவந்திருந்தது.

"கெஞ்சக்கூட விடலடி அவ!"

"எழுதினது தப்பா?"

"கேக்கிறதுக்கு முன்னாலயே ஒருத்தி கொடுக்கிறான்னா என்ன அர்த்தம்? நம்மகிட்ட இல்லன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்னு அர்த்தம். அந்தக் கேக்கையாவது திரும்ப எடுத்துட்டு வந்திருக்கணும்."

எல்லாம் இருந்தும் மார்லா அசையவில்லை. ஜூலை முடியும்வரை வெர்னா கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாள். மார்லா பின்கட்டில் நின்று டிராம்போனை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அவளை மாற்றியது அம்மா இல்லை. அது என் கடையில் நடந்தது. நான் ஊரில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிக்குக் கிளம்பும் முன் கெண்ட்ரா முடியைச் சுருட்டிக்கொள்ள வந்தாள். பக்கத்து நாற்காலியில், ஈர முடியோடு, முறை வரக் காத்திருந்தாள் மார்லா. கெண்ட்ரா ஏழு நாளைக்கும் எடுத்து வைத்த உடுப்பு, அதற்கேற்ற செருப்பு, எந்த வீட்டில் எந்த அக்கா இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக மார்லாவைப் பார்த்தாள்.

"நீ வராதது நல்லதுதான் மார்லா. நெஜமாத்தான் சொல்றேன். அங்க உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். உனக்குத்தான் பேண்டு இருக்கே."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அம்மாவைப் போலவே. கண்ணாடியில் மார்லாவின் கழுத்து கீழிருந்து மேலாகச் சிவந்து வந்ததை நான் பார்த்தேன். ஐயோ, என் அக்காவின் கழுத்தேதான்!

கெண்ட்ரா கிளம்பிப் போனதும் மார்லா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, எனக்கும் அதே மாதிரி சுருட்டி விடு."

"பேண்டுத் தொப்பிக்குள்ள சுருள் எதுக்குடி?"

"தொப்பி போடப்போறதில்ல."

"உங்கம்மாவுக்காகவா?"

"அம்மாவுக்காக ஒண்ணுமில்ல. எனக்குக் கஷ்டமா இருக்குமாம்! அவளுக்கு மட்டும் இனிக்குமாம்! அவ யாரு அதச் சொல்றதுக்கு?"

வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான். பொறாமையில் ஒரு காரியத்துக்குக் கிளம்பாதே, டிராம்போனைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற வயசா அது? சுருட்டி விட்டேன். நன்றாகவே சுருட்டி விட்டேன், கெண்ட்ராவுக்கு இருந்ததை விட ஒரு படி மேலாக. எனக்கும் அதே ரத்தம்தானே ஓடுகிறது!

மார்லா போனாள். நாள்தோறும் சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒவ்வொரு நாளும் அந்த வீடு அவளைத் திரும்ப அழைத்தது. அவள் சத்தமாகச் சிரிப்பாள், யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பாள், யாருக்குத்தான் பிடிக்காது? கடைசி நாளில் வெள்ளைத் தூண் வீடு கெண்ட்ராவையும் எடுத்தது, மார்லாவையும் எடுத்தது. வெர்னா ரோட்டின் நடுவில் நின்று ஜெனெட்டைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னாள். ஜெனெட் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்த இலையுதிர்காலம் முழுக்க என் அக்கா திரைச்சீலையை ஓரமாக ஒதுக்கிக் கட்டியே வைத்திருந்தாள்.

ஜனவரியில், முதல் பருவத்தின் மதிப்பெண்கள் வந்த பிறகு, புதுப் பெண்களை முழு உறுப்பினராக்கும் சடங்கு. அதைச் சங்கத்தார் மட்டும்தான் பார்க்கலாம், வெளியில் சொல்லவும் கூடாது. குடும்பத்தாருக்கு அதன்பின் மதியச் சாப்பாடு. வெர்னா புதுக் கோட்டு வாங்கினாள். நானும் அவளும் ஒரு காரில் போனோம். ஜெனெட் தனியாக வந்தாள். வீட்டு வாசலில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் நின்றோம்.

கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் மார்லா வெளியே வந்தாள். அம்மாவுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அப்புறம் ஜெனெட் பக்கம் திரும்பினாள்.

"ஜெனெட் ஆன்ட்டி, கெண்ட்ராவுக்குச் சங்கத்துத் தங்கப் பின் குத்தி விட்டதும் எனக்கும் நீங்களே குத்தி விடுவீங்களா? சங்கத்துல இருக்கிற அம்மாங்கதான் உள்ள வந்து குத்தி விடணுமாம். எனக்குத்தான் யாரும் இல்ல."

யாரும் இல்லை என்று அம்மாவை நிற்க வைத்துக்கொண்டே சொன்னாள். கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னாள். அந்த வீட்டில் பேசுகிற பேச்சு அதற்குள் அவள் வாயில் வந்துவிட்டது.

ஜெனெட் வெர்னாவைப் பார்த்தாள்.

"போ ஜெனெட்," என்றாள் வெர்னா. "குளிருது. கதவச் சாத்திக்கோங்க."

நாங்கள் காரில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டோம்.

"உள்ள என்னடி செய்வாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? மெழுகுவத்தி ஏத்திப் பாட்டுக் கீட்டுப் பாடுவாங்க."

"ஜெனெட்டுக்குத் தெரியும்," என்றாள் வெர்னா. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக அந்தத் தூண்களையே பார்த்தாள். "என் பொண்ணு இப்ப என்ன செய்யறான்னு ஜெனெட்டுக்குத் தெரியும். கேட்டாலும் எங்கிட்ட சொல்லக் கூடாதாம். இத்தனை நாளும் அந்த வீட்டப் பாத்துப் பொறாமப்பட்டேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்லடி. இதுதான் எரியுது."

நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருவழியாகக் கதவு திறந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மார்லா நேராக எங்களிடம்தான் ஓடிவந்தாள். முகம் அழுது சிவந்திருந்தது, அவ்வளவு சந்தோஷம். இடது மார்பில் சின்னத் தங்கப் பின் ஒன்று. அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. வெர்னா தன்னையறியாமல் அதை நேராக்கக் கையை நீட்டினாள். அந்தப் பெண்ணின் காலர்களையும் பொத்தான்களையும் பிறந்ததிலிருந்து சரிசெய்து வந்த கை அது.

மார்லா சட்டென்று ஒரு அடி பின்னால் போனாள்.

"தொடாதம்மா. வெளியாளு கை படக் கூடாது."

பின்னாலேயே வந்த ஜெனெட் ஒரு விரலால் அதை நேராக்கி விட்டாள்.

வெர்னா நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "இப்ப நல்லா இருக்கு," என்றாள்.