லாசரஸ் வைத்த மூன்று பொட்டு

லாசரஸ் கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் வருவார். தாம்பரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் பணிமனையில் பத்தொன்பது வருஷமாக ஃபிட்டர். அங்கே ஆராய்ச்சி மாணவனான எனக்கிருந்த தலைக்கனத்தில் கால்வாசிகூட அவருக்குக் கிடையாது.

1993-இல் ஆளில்லாமல் பறக்கும் இயந்திரம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அண்டா அகலத்தில் அலுமினியக் கூடு, உள்ளே நான்கு இறக்கை வைத்த விசிறி, அடியில் காற்றைத் திருப்பிவிடும் தகடுகள். கூடு சாய்ந்தால் ஜைரோ என்கிற கருவி உணரும். உடனே தகடுகள் திரும்பி நிமிர்த்தும். காகிதத்தில் என் கணக்கு பிரமாதமாகப் பறந்தது. நிஜத்தில் பதினொரு தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நசுங்கிய கூட்டைத் தட்டி நிமிர்த்தியவர் லாசரஸ்.

திங்கட்கிழமைக்குள் அந்தரத்தில் நிற்காவிட்டால் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார் துறைத் தலைவர்.

"ஒரே ஒரு வாட்டி நின்னுட்டா போதும் சார். கண்ணால பாத்துடணும்" என்றார் லாசரஸ்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேரே பணிமனைக்கு வந்தார். விசிறியை மெதுவாக ஓட்டச் சொல்லி, கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"உதறல் கீது சார். அதைத்தான் ஜைரோ சாயுதுன்னு நெனச்சுகினு கீது."

விசிறியைக் கழற்றிக் கம்பியில் மாட்டிச் சுற்றினார். எத்தனை தடவை சுற்றினாலும் ஒரே இறக்கைதான் கனத்துக் கீழே வந்து நின்றது. அதன்மேல் போன ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம், குங்குமம். உதிரக்கூடாதென்று மேலே வார்னிஷ் வேறு பூசியிருந்தேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கணக்கைத் திருத்தியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுரண்ட உளியை எடுத்தேன். லாசரஸ் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு வெச்சது சார். இருக்கட்டும். மீதி மூணுக்கும் வெச்சுடலாம்."

ஆயுசில் நெற்றியில் பொட்டு வைத்திராத மனிதர், குச்சியால் சந்தனம் தொட்டு வைத்தார். கொஞ்சம் வழித்தார், மறுபடி வைத்தார். எந்த இறக்கையும் கீழே இறங்காமல் நிற்கும்வரை விடவில்லை. பிறகு வார்னிஷ் பூசிக் காயவைத்தார்.

சாயங்காலம் இயந்திரம் இடுப்புயரம் எழும்பி, அங்கேயே நின்றது. லாசரஸ் துடைப்பக்கட்டையால் லேசாகத் தள்ளினார். சாய்ந்தது, தானாக நிமிர்ந்தது. என் கணக்குதான், இருந்தாலும் என்னால் நம்ப முடியவில்லை.

விழாமல் இருக்க, மேலே உத்தரத்தில் போட்டு லாசரஸ் ஒரு கையில் பிடித்திருந்த கயிறு தொளதொளவென்று தொங்கியது. அதன் நுனியைக் கையிலிருந்து விட்டுவிட்டு லாசரஸ் மெதுவாகச் சொன்னார்: "சார், யாருமே புடிச்சுக்கல."