இரும்புத் தலை என்று சொன்னேன்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, மூன்று லொறி வாங்கினவன் நான். சண்டைக் காலத்தில் ஒருநாள், வலைப்பந்து விளையாடிய என் மகளின் தலை கம்பத்தில் மோதியது. "என்ர பிள்ளைக்கு இரும்புத் தலை, விளையாடு!" என்று திரும்ப மைதானத்தில் இறக்கிவிட்டேன்.

அதன்பின் அவள் சிரிக்கவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. அப்படி ஒதுங்கிய பிள்ளைகள் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போன காலம் அது. பயத்தில் சைக்கிளை ஒளித்து, அவளை அறையில் பூட்டினேன்.

"நான் எங்கயும் போகேல்லை அப்பா. தலை அடிபட்டதில இருந்து சும்மா சும்மா அழுகை வருது. பூட்டாதேங்கோ!"

தலையில் பட்ட அடி மனதையும் வருத்துமென்று, கூட்டிப்போன இடத்தில் டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன். மகள் தேறினாள்.

இப்போது எங்கள் ஊர் பாலையூற்றில் எந்தப் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டாலும், விளையாட்டை நிறுத்துவேன். பிறகு வீடு தேடிப் போய், "மனம் எப்படிப் பிள்ளை?" என்று கேட்பேன்.

மகள் மட்டும் இன்றும் என் வீட்டில் கதவைச் சாத்திப் படுப்பதில்லை.