முந்திரிக்கொட்டையின் முன்னோட்டப் பதிப்பு

மரச்சாமான் கடையில் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். பழத்துக்கு முன்னால் கொட்டை நீட்டிக்கொண்டு நிற்பதைப் போல, எந்தப் புதுச் சமாசாரம் வந்தாலும் இவர் முன்னால் நிற்பார். கடைக்குப் புது பில் மெஷின் வந்தபோது முதலில் தொட்டவர் இவர். முதலில் கெடுத்தவரும் இவரே.

பழைய சமாசாரம் என்றால் கதை வேறு. வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்து வருடக்கணக்காகிறது. அதன் அடியில் இருக்கும் வாளி ஏறக்குறைய குடும்பத்தில் ஒருவர்.

"பிளம்பர்கிட்ட சொன்னீங்களா?" என்று மனைவி கேட்பார்.

"அடடா, மறந்தே போச்சு" என்பார் இவர்.

சோம்பேறியைத் திட்டலாம். மறதிக்காரனை என்ன செய்ய முடியும்? "பாவம்க்கா, அவருக்கு வேலை ஜாஸ்தி, எதுவும் ஞாபகம் நிக்கறதில்ல" என்று மனைவியே தன் அக்காவிடம் பரிந்து பேசும் அளவுக்கு அந்த மறதிக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆடுகிற தாழ்ப்பாள், எரியாத பல்பு, சகலை வீட்டுக்குப் போகாமல் விட்டது, எல்லாமே அந்த ஒரு குடைக்குள் நனையாமல் நின்றன.

கடையில் அவருக்கு டெலிவரி மேஜை. வாங்கிய கட்டில் ஏன் வரவில்லை, வந்த கட்டிலுக்கு ஏன் மூன்று கால் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது வேலை. ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தால் வண்டி நகராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புது நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும், அவர் பேசிய முதல் வாக்கியத்தையே பெயராகப் போனில் பதிந்துவிடுவார். 'அலமாரிக் கதவு மூடல.' 'சோபா மாடிப்படியில மாட்டிக்கிச்சு.' அடுத்த முறை அழைப்பு வந்தால், எடுத்தவுடனே "கதவு இப்ப மூடுதுங்களா?" என்று கேட்கலாம். நம் அலமாரியை இந்த மனுஷர் மனசிலேயே வைத்திருக்கிறாரே என்று வாடிக்கையாளர் உருகிப்போவார்.

பழக்கம் கடையோடு நிற்கவில்லை. முதலாளியின் பெயர் 'வண்டி கிளம்பிருச்சா'. மனைவியின் அக்கா 'அஞ்சே நிமிஷம்'. பிளம்பர் 'நாளைக்கு வரேன்'. மனைவி ஒரு சமயம் நம்பர் மாற்றினார். புது நம்பரிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம், 'குழாய் ஒழுகுது'. இவர் அப்படியே பதிந்தார்.

இப்படி இருக்கையில், போன் கம்பெனி தன் புது இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பை ஆர்வலர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. 'குறைகள் இருக்கலாம். தினமும் பயன்படுத்தும் போனில் போட வேண்டாம்' என்று எச்சரிக்கையும் இருந்தது. இவரிடம் இருப்பதே ஒரு போன். எச்சரிக்கை வேறு யாருக்கோ என்று எடுத்துக்கொண்டு சம்மதத்தை அமுக்கினார்.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிக்கிறீங்க" என்றார் பக்கத்து மேஜைக் காசாளர் அம்மாள்.

"ஊருக்கெல்லாம் மெதுவா வர்றது, எனக்கு இன்னைக்கே வருதுக்கா."

"ஜலதோஷமும் உங்களுக்குத்தான் முதல்ல வருது."

போன் செத்துப் பிழைத்தது. எழுத்துகள் கொஞ்சம் பருத்திருந்தன, நிறங்கள் கொஞ்சம் வெளுத்திருந்தன. அவர் பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து தெளிவான பெண் குரல் கேட்டது: "வண்டி கிளம்பிருச்சா. வண்டி கிளம்பிருச்சா."

வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், "கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்" என்று எழுந்து ஓடினார். கண்ணாடி அறையிலிருந்து போனும் காதுமாக வெளியே வந்த முதலாளி, தெருமுனையில் திரும்பும் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நான் இன்னும் கேக்கவே இல்ல. அதுக்குள்ள அனுப்பிட்டியா?"

"உங்க மனசு எனக்குத் தெரியாதா முதலாளி" என்றார் இவர்.

கூப்பிடுகிறவரின் பெயரைப் போனே உரக்கச் சொல்லும் புது வசதி அது. அவர் ரசித்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே மனைவியின் பெயர் ஞாபகம் வந்தது. அது ஏச்சு அல்ல, கிண்டல்கூட அல்ல. ஆனால் இத்தனை வருடமும் மனைவி கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், குழாய் ஒழுகுது என்று கொட்டை எழுத்தில் திரை இவரிடம் சொல்லியிருக்கிறது. அதை மனைவி அறிந்தால் மறதி என்ற குடை அன்றோடு கிழியும்.

வசதியை அணைத்தார். அது தானே எழுந்துகொண்டது. ஒலியைக் குறைத்தார். மணி அடங்கியது, குரல் அடங்கவில்லை. பெயரை மாற்றிச் சேமித்தால் பழைய பெயரே வந்து உட்கார்ந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பினால் போனில் இருப்பதெல்லாம் அழியுமாம், அத்தனை அலமாரிகளும் சோபாக்களும் உட்பட. குறை சொல்வதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. அதில் எழுதினார்: 'வசதி மிக நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை.' விரைவில் சரிசெய்யப்படும் என்று பதில் வந்தது. அவர் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லும் அதே வாக்கியம். அதன் பொருள் அவருக்குத் தெரியும்.

ஆகவே வேறு வழிக்குப் போனார். கடையில் அந்தக் குரல் காசாளர் அம்மாள் காதில் விழுந்தால் வீடு வரைக்கும் போய்விடும் என்று, மனைவி கூப்பிடுவதற்கு முன் இவரே கூப்பிடத் தொடங்கினார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"சாப்டியா?"

"ஊசி கையில இருக்கு. இப்பத்தானே கூப்பிட்டீங்க?"

"சும்மாதான். ஏதாவது வேணும்னா நீ கூப்பிடாத, நானே கூப்பிடறேன்."

மனைவி தன் அக்காவிடம் இதைச் சொல்ல, "சும்மா கூப்பிடற ஆளா அவரு? எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றார் அக்கா. ஆனால் மனைவிக்கு உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் போனை அணைத்து வைப்பதுகூட, தன்னோடு பேசத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வார விடுமுறை நாளில் அணைக்க வழியில்லை. டிரைவர்கள் கூப்பிடுவார்கள். காலையில் இவர் யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போய் வாளியைக் காலி செய்தார். குற்றமுள்ள நெஞ்சுக்குச் சுறுசுறுப்பு ஜாஸ்தி. திரும்பி வந்து சட்டைப் பையைத் தொட்டால் போன் இல்லை. சோபா மெத்தையைத் தூக்கினார். செருப்புப் பெட்டிக்குள்ளேகூடப் பார்த்தார்.

"இருங்க, நான் கூப்பிடறேன்" என்றார் மனைவி.

"வேண்டாம். நானே தேடிக்கறேன்."

அதற்குள் விரல் அமுக்கிவிட்டது. சமையலறையிலிருந்து, அலம்பும் தொட்டிக்கு மேல் பலகையிலிருந்து, அந்தக் குரல் வந்தது: "குழாய் ஒழுகுது. குழாய் ஒழுகுது."

மனைவியின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. போனே கண்டுபிடிச்சுச் சொல்லுதே."

"ஆமா" என்றார் இவர், மூச்சு திரும்பி. "புது வசதி. சொட்டற சத்தத்தை வச்சே சொல்லிடும்."

அத்தோடு முடிந்திருக்கும், மனைவியின் வேலை வேறாக இருந்திருந்தால். பரிசோதனைக் கூடத்தில் எதையும் ஒரு தடவை பார்த்து முடிவு எழுத மாட்டார்கள். அவர் அழைப்பைத் துண்டித்தார். குரல் நின்றது. குழாய் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. மறுபடி அழைத்தார். குரல் பேசியது. துண்டித்தார். நின்றது.

"இது என் பேரா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் போனின் வாயால் கெட்டார்.

"நீ நம்பர் மாத்தினப்ப... அவசரத்துல போட்டது."

"அப்ப நான் கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் பாத்திருக்கீங்க." மனைவி குரலை உயர்த்தவில்லை. "மறதின்னுல்ல நெனச்சேன். அக்காகிட்டகூடப் பாவம்னு சொல்லிட்டிருந்தேன்."

திட்டு வந்திருந்தால் இவர் தாங்கியிருப்பார். பலகையிலிருந்த போனை எடுத்து பிளம்பருக்குப் போட்டார்.

"நாளைக்கு வரேன்" என்றார் பிளம்பர், தன் பெயருக்குத் துரோகம் செய்யாமல்.

மனைவி போனை வாங்கினார். "இல்லண்ணே. இன்னைக்கு."

சாயங்காலம் பிளம்பர் வந்தார். போனது ஒரு வாஷர், விரல்நுனி அகலம்கூட இல்லாத கறுப்பு ரப்பர் வளையம். மனைவி அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்குத்தானா" என்றார், வாஷரிடமே.

சில நாட்கள் கழித்துத் திருத்திய பதிப்பு வந்தது. இவர் சாப்பாட்டு மேஜைக்கே போனைக் கொண்டுவந்தார்.

"இனிமே அதோட வாயை அடைச்சிடலாம்."

"அடைக்காதீங்க."

"சரி, பேரையாவது மாத்தறேன். இப்ப மாத்த முடியுது. உன் பேரையே போட்டுடட்டுமா?"

மனைவி சுற்றுமுற்றும் பார்த்தார், வரிசையாக வைத்த குப்பிகளைப் பார்ப்பது போல. "பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடுதுன்னு போடுங்க."

மறுநாள் கடையில் அந்தக் குரல் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னது. "எந்த வாடிக்கையாளர் இது? நாம தாழ்ப்பாள் விக்கறதில்லையே" என்றார் காசாளர் அம்மாள்.

"வீட்லேருந்துக்கா."

கண்ணாடி அறையிலிருந்து முதலாளியின் தலை நீண்டது. "போகும்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டுப் போப்பா."

தாழ்ப்பாள் சரியானதும் மனைவியின் பெயர் 'பரண் பல்பு எரியல' ஆயிற்று. இப்போது 'சகலை வீட்டுக்கு எப்பப் போறோம்'. அது வாஷர் மாற்றுவது போலச் சுலபமல்ல, ஆனாலும் பெயர் மாறியாக வேண்டுமே.

இதற்கிடையே அடுத்த முன்னோட்டப் பதிப்புக்கு அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஏன் இன்னும் போடவில்லை என்று காசாளர் அம்மாள் கேட்டதற்கு, மறந்துவிட்டதாகச் சொல்கிறார். நம்பத்தான் ஆளில்லை.