மழையில் பார்த்த கிளாரினெட்

என் சித்திக்குக் கிளாரினெட் ஊதத் தெரியாது. ஆனால் பழைய கிளாரினெட் ஒன்றைப் பழுதுபார்த்தால் தேறுமா, வாங்கலாமா என்று கேட்க, ஊதுகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். 'ஊதாத அக்கா' என்றே பெயர். "சமைக்கத் தெரியாதவ உப்பு பாக்குற மாதிரி," என்பார் சித்தப்பா.

விரலால் அழுத்தும் கீகளைக் கழற்றி, துளைகளை மெழுகால் அடைத்து, ஒரு முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறுமுனையில் வாய்வைத்து உறிஞ்சுவாள். காற்றுக் கசியாமல் உதடு ஒட்டிக்கொண்டால் மரக்கட்டையில் விரிசல் இல்லை. துளைமேல் படியும் தேய்ந்த பேடு, துருப்பிடித்த ஸ்ப்ரிங் எல்லாம் மாற்றிவிடக்கூடியவை. கட்டை பிளந்தால்தான் கதை முடிந்தது.

அடைமழைக் காலத்தில் ஒரு பெண் பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். இசைக்குழு வேலைக்கான தேர்வில் அதை வாசிக்க வேண்டுமாம். சித்தி உறிஞ்சிப் பார்த்தாள்.

"எடுத்துக்கோம்மா. கட்டை கல்லு மாதிரி இருக்கு."

அந்த ஒரு சொல்லை நம்பி, கையிலிருந்த பிளாஸ்டிக் கிளாரினெட்டை விற்றுவிட்டு அவள் இதை வாங்கினாள். பேடுகளைச் சித்தியே மாற்றிக் கொடுத்தாள்.

மழை விட்டு வெயில் காய்ந்தது. தேர்வுக்கு முந்தின நாள், சித்தியின் பட்டறை மரக்கதவு தானாகவே சாத்திக்கொண்டது. மழைக்காலம் முழுக்கத் தோளால் இடித்துச் சாத்திய கதவு. சித்தி அதைத் திறந்து திறந்து மூடினாள்.

"கதவோட என்ன சண்டை?" என்றார் சித்தப்பா.

"ஈரத்துல கட்டை உப்பி, விரிசல் மூடியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? காயவச்சுல்ல பாத்திருக்கணும்! அந்தப் பொண்ணு நாளைக்கு வாசிக்கணும்ங்க."

"இல்லாத நோய்க்கு மருந்து அரைக்காதே."

அன்று முழுக்கப் போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள். சொன்னால் பெண் பயந்துவிடுவாள். சொல்லாவிட்டால் மேடையில் மாட்டிக்கொள்வாள். விடிந்ததும் பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தேர்வு நடக்கும் கட்டடத்துக்குப் போனாள்.

வராந்தாவில் அந்தப் பெண் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். சித்தி கிளாரினெட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். மேல்துண்டில் மயிரிழை போல ஒரு கோடு, துளை ஒன்றைத் தொட்டு ஓடியது.

"இதை நேத்தே பாத்தேன் அக்கா. நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே, மரத்தோட ரேகையா இருக்கும்னு விட்டுட்டேன். ஆனா மேல் சுரத்துக்குப் போனா கீச்சுங்குது."

"எந்தப் புண்ணியவதி மழையில பாத்துச் சொன்னா? நான்தான். திட்டுறதை அப்புறம் திட்டு, இப்ப இதைக் கட்டிடறேன்."

கோட்டில் மெழுகைத் தேய்த்து, கீகளுக்கு இடையில் மெழுகுநூலை இறுக்கிச் சுற்றினாள். முடிச்சுப் போட நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.

"கால் ஒடிஞ்சு கட்டுப் போட்ட மாதிரி இருக்கு," என்றாள் அந்தப் பெண். சிரிக்கத்தான் பார்த்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

மூடிய கதவுக்கு வெளியே நின்றோம். வாசிப்பு மேலே ஏற ஏறச் சித்தியின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. ஓரிடத்தில் சுரம் லேசாக அசைந்தது. கீச்சிடவில்லை.

பெண் வெளியே வந்தாள். "அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லிட்டாங்க அக்கா!"

சித்தி சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"கிளாரினெட்டைக் கழட்டிக் குடு. இந்தக் கட்டு அதுவரைக்கும் தாங்காது. முதல்ல காயவச்சு, எவ்வளவு விரியுதுன்னு முழுசாப் பாக்கணும்."